ஐஸ்லாந்தின் ஹேண்ட்பால்

குளிர்காலப் பகல் நாலைந்து மணி நேரத்தில் அஸ்தமித்துவிடும் ஐஸ்லாந்தில், கூரைக்குக் கீழே 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள தளம் கிடைத்தால் நடத்திவிடக்கூடிய ஹேண்ட்பால் ஜனங்களின் உள்ளத்தைக் கவர்ந்ததில் ஆச்சரியமில்லை. பக்கத்துக்கு எழுவர். பந்தை ஏந்தியவன் அதைத் தரையில் தட்டாமல் மூன்று அடிக்கு மேல் எடுத்துவைக்கலாகாது. கோலைச் சுற்றிய ஆறு மீட்டர் வளைவுக்குள் கோல்காப்பவரன்றி வேறெவரும் கால் பதிக்கலாகாது என்ற நியமத்தினால், கோட்டுக்கு வெளியே எம்பியவன், அந்தரத்தில் நிற்கும் அந்தக் கணத்திலேயே, பாதம் தரையில் படுமுன், காவலரின் கை எட்டாத மூலையை நோக்கிப் பந்தை வீசிவிடுகிறானே, அந்த லாகவமே இவ்வாட்டத்தின் ஜீவன் என்பேன்.

ரெய்க்யவிக்கின் வாலூர், ஹாஃப்னார்ஃபியோர்துர் நகரின் ஹௌகார் போன்ற சங்கங்கள், கால்பந்து முதலிய பிற ஆட்டங்களோடு இதனையும் ஒரே குடைக்கீழ்ப் போஷித்து, சிறுவர் சிறுமியரை வயதுவாரியாகப் பழக்குகின்றன. அவர்களில் தேர்ந்தவர் பலர் ஜெர்மனியின் பெரிய சங்கங்களில் இடம்பெறுகிறார்கள். இவ்விதம் வளர்ந்தவர்களைக் கொண்டே, சுமார் மூன்று லட்சம் பேர் மட்டும் வாழ்ந்த இத்தேசம், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், ஓலாஃபுர் ஸ்டெஃபான்சன் தலைமையில் ஸ்பெயினை அரையிறுதியில் வென்று, பிரான்ஸிடம் 23-28 என்ற கணக்கில் தோற்று, வெள்ளிப் பதக்கம் அடைந்தது. 2010-இல், ஆஸ்திரியாவில் நடந்த ஐரோப்பியப் போட்டியில், வெண்கலமும் சேர்ந்தது.