போர் முடிந்தது, தொண்டன் எங்கே?

இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றித் தமிழில் வெளிவந்துள்ள கட்டுரைகளும் கதைகளும் கொஞ்சநஞ்சமல்ல. 1943ஆம் ஆண்டு ஜூலை மாதம் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் தலைமை ஏற்றது முதல், 1944இல் இம்பாலிலும் கோஹிமாவிலும் படைகள் பட்ட பாடு, 1945 ஆகஸ்ட் 18ஆம் நாள் தைவானில் நேர்ந்த விமான விபத்து வரையில் நம் எழுத்தாளர்கள் மனமுருக எழுதியிருக்கிறார்கள். படிக்கும் நமக்கும் மயிர் கூச்செறிகிறது. ஆனால் விமானம் விழுந்த இடத்திலேயே பேனாவும் விழுந்துவிடுகிறது. தலைவர் மறைந்தார், கதை முடிந்தது என்கிறார்கள். தலைவர் ஒருவர், தொண்டரோ பல்லாயிரவர். அவர்களில் காட்டிலும் நோயிலும் மாண்டவர் போக, எஞ்சியோர் மறைந்துவிடவில்லை. தோட்டத்துக்கும் கடைத்தெருவுக்கும் திரும்பினார்கள். உளியையும் வாளியையும் மறுபடி எடுத்தார்கள். அதன்பின் நாற்பது ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தார்கள். அந்த வாழ்வை நம் இலக்கியம் என்ன செய்தது என்பதே ஈண்டு ஆராயப் புகும் கேள்வி.

இக்கேள்வியை எழுப்புமிடத்து முதலில் நினைவுக்கு வரவேண்டிய நூல் ப. சிங்காரம் எழுதிய 'கடலுக்கு அப்பால்' என்னும் நாவல். ஆசிரியர் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938இல் கடல் கடந்து சுமத்திராவிலுள்ள மேடான் நகரில் வட்டிக்கடை வேலைக்கு வந்தவர். யுத்தத்தையும் ஜப்பானியர் ஆட்சியையும் நேரில் கண்டு, 1946இல் தாயகம் திரும்பி, மதுரையில் பத்திரிகை அலுவலில் காலங்கழித்து, 1997இல் மறைந்தவர். ஆகவே அவர் எழுதியது செவிவழிக் கதையன்று. பேரேட்டுக்கும் பெட்டகத்துக்கும் நடுவே இருந்து கண்டறிந்தது.

1959இல் வெளிவந்த அந்நாவலின் கதை சுருங்கக் கூறின் இதுதான். பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் வானாயீனாவிடம் வேலை பார்த்தவன் செல்லையா. முதலாளியின் மகள் மரகதத்துக்கு அவன்பால் அன்பு. முதலாளிக்கும் அவனை மருமகனாக்கிக் கொள்ளும் எண்ணம் ஒரு காலத்தில் இருந்தது. இடையே செல்லையா ராணுவத்தில் சேர்கிறான். யுத்தம் முடிந்து திரும்புகிறான். திரும்பிவந்தவனை முதலாளி மேலும் கீழும் பார்க்கிறார். துப்பாக்கி பிடித்த கை இனிக் கணக்கு எழுதாது என்று அவர் மனம் தீர்ப்புக் கூறிவிடுகிறது. மகளை வேறொருவனுக்குக் கொடுக்கத் துணிகிறார். பகைவனை எதிர்த்து நிற்கத் துணிந்த செல்லையா, அன்பு காட்டிய முதலாளியின் முன் தோற்றுப்போகிறான்.

இந்நூலின் சிறப்பு எதில் உள்ளது? வானாயீனாவை ஆசிரியர் கொடியவராகப் படைக்கவில்லை என்பதில் உள்ளது. அவர் தேசத் துரோகியல்லர், கல்நெஞ்சரும் அல்லர். தம் தொழிலுக்குப் பணிவும் பொறுமையும் வேண்டும், ராணுவத்துக்குப் போனவனிடம் அவ்விரண்டும் போய்விட்டன என்று அவர் கணக்குப் பார்க்கிறார். அந்தக் கணக்கு அவர் வரையில் சரியாகவே இருக்கிறது. திரும்பிவந்த தொண்டனை வீழ்த்துவது ஒரு தனி மனிதரின் துர்க்குணமன்று. நல்லவர்கள் கூடி நடத்தும் அன்றாட வாழ்க்கையின் ஒழுங்கே அவனை வெளியே நிறுத்துகிறது. மேடையில் அவனுக்கு ஜே போடும் சமூகம், வீட்டு வாசலில் அவனுக்குப் பெண் கொடுக்க மறுக்கிறது. இவ்வுண்மையைக் கூச்சலின்றிக் காட்டிய தமிழ் நாவல் இதற்கு ஒப்பாக மற்றொன்று இருப்பதாக யான் அறியேன்.

ஆயினும் வாசகர் உலகம் இந்நூலுக்குச் செய்த மரியாதை என்ன? அதே ஆசிரியர் 1962இல் எழுதி, பத்தாண்டு காத்திருந்து 1972இல் அச்சேறிய 'புயலிலே ஒரு தோணி'யையே பெரிதும் கொண்டாடுகின்றனர். அது கலையில் விரிந்த நூல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் நாயகன் பாண்டியன் யுத்தம் முடிந்தும் ஓயாமல், டச்சுக்காரருக்கு எதிரான இந்தோனேசிய விடுதலைப் போரில் புகுந்து, முடிவில் உயிரை விடுகிறான். செல்லையாவோ உயிரோடு இருந்து கணக்குத் தீர்க்க வேண்டியவன். ஒரே ஆசிரியர் ஒரு வீரனைச் சாகவிட்டார்; மற்றவனை வாழவிட்டார். செத்தவனுக்கே நாம் மாலை சூட்டினோம். நாவல் உலகில் நாம் செய்த இதே காரியத்தையே நாட்டு வாழ்விலும் செய்தோம் என்று கூறின் மிகையாகுமோ?

நிற்க. 'கடலுக்கு அப்பால்' நூலிலும் குறையில்லாமல் இல்லை. செல்லையாவின் துயருக்கு ஆசிரியர் தரும் மருந்து மனத்தை அடக்கி ஆளுதல். தனி மனிதனுக்கு அது பெரிய மருந்துதான். ஆனால் திரும்பிவந்தோரில் பெரும்பாலார் வட்டிக்கடை அடுத்தாட்கள் அல்லர். ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர். அவர்கள் மனத்தை அடக்கிக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை என்று சரித்திரம் சொல்கிறது. அங்கேதான் சிங்காரத்தின் கண் எட்டாத மற்றொரு கதை தொடங்குகிறது.

அக்கதையின் வேர் யுத்தத்துக்கு முன்பே ஊன்றியது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வு மட்டும் கேட்கப்படவில்லை. துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் இழிவு ஒழிய வேண்டும் என்றும் கேட்கப்பட்டது. அவ்வாறு கேட்டவர்களைத் துருப்புகளைக் கொண்டு அடக்கினர். இரண்டாண்டு கழித்து அதே இனத்து இளைஞர்கள் ராணுவப் பயிற்சிக் களத்தில் நிமிர்ந்து நின்றார்கள். அங்கே சாதிக்கொரு பந்தி இல்லை. எல்லார்க்கும் பொது அடுக்களை. இந்துவும் முஸ்லிமும் சீக்கியனும் ஒருவரையொருவர் 'ஜெய் ஹிந்த்' என்றே வணங்கினர். தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டே பழகிய கை, நெற்றியருகே உயர்ந்து சல்யூட் அடிக்கக் கற்றது. இந்தக் கைதான் 1945இல் லயத்துக்குத் திரும்பியது.

திரும்பியபின் நிகழ்ந்தவற்றைப் பாருங்கள். 1946 ஆகஸ்டில் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியபோது அதன் முதல் தலைவரான ஜான் திவி, போஸின் இயக்கத்தில் பணி புரிந்தவர். கெடா வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை என்ற பெயரால் இளைஞர் அணி திரண்டு, கள்ளுக்கடை ஒழிப்பில் இறங்கினர். ராணுவத்தில் கற்ற கட்டுப்பாடு அவ்வணியில் துலங்கியது. 1947இல் போலீஸ் அதனை ஒடுக்கியது. தஞ்சைச் சீமையிலிருந்து வந்து, இந்திய தேசிய ராணுவத்தில் பணியாற்றிய எஸ். ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1948 ஜூனில் அவசரகாலச் சட்டம் வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்னும் குற்றத்துக்காக 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். இந்திய சர்க்கார் பரிந்து கேட்டும் பயன் விளையவில்லை. இம்பாலில் மடிந்திருந்தால் அவர் பெயர் பாடப்புத்தகத்தில் ஏறியிருக்கும். தொழிலாளிக்காகத் தூக்கு மேடை ஏறியதால் ஏட்டின் ஓரத்தில் நிற்கிறது.

பெண்களின் நிலை என்ன? ஜான்சி ராணிப் படையில் கேப்டன் லட்சுமிக்கு அடுத்த நிலையில் விளங்கிய ஜானகி ஆதி நாகப்பன், பின்னாளில் மலேசிய மேலவை உறுப்பினராகி, 2000இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ பட்டமும் பெற்று, 2014இல் மறைந்தார். அவருடைய பிற்கால வாழ்வு பதிவாகியிருக்கிறது. மகிழ்ச்சியே. ஆனால் அப்படையில் தோட்டத்துப் பெண்களும் இருந்தனர். காற்சட்டை அணிந்து துப்பாக்கி ஏந்திய பெண், மீண்டும் முக்காடிட்டு, ஒட்டுப்பால் சேர்க்கப் போன முதல் நாள் காலையில் என்ன நினைத்திருப்பாள்? கணவன் கை ஓங்கியபோது அவள் என்ன செய்தாள்? செல்லையாவின் கதையில் மரகதத்தைக் கேட்காமலே அவள் வாழ்வை முடிவு செய்கிறார்கள். துப்பாக்கி பிடித்த மரகதங்களின் வாழ்வை முடிவு செய்தவர் யார்? சிங்காரம் தம் கதைகளின் நடுவில் ஆண்களையே நிறுத்தினார். இக்கேள்வி எழுதுவாரின்றிக் கிடக்கிறது.

நம் மலேசிய எழுத்தாளர்கள் யுத்த காலத்தைத் தொடவில்லை என்று யாரும் கூற இயலாது. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதி, சயாம் காட்டில் மாண்ட தோட்டத் தமிழரின் ஓலத்தை நம் காதில் விழச் செய்தார். அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' நாவலில் அந்த ரயில் பாதையையும், 'இமயத் தியாகம்' நாவலில் போஸின் படையையும் எழுதினார். இவர்களுக்குத் தமிழுலகம் கடன்பட்டிருக்கிறது. எனினும் தியாகம் என்னும் சொல்லே நம் பார்வை எத்திசையில் நிற்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது. தியாகம் ஒரு நாளில் முடியும்; பிழைப்பு நாள்தோறும் தொடரும். தியாகத்தை எழுதக் கற்ற கை பிழைப்பையும் எழுத வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இதற்குச் சிலர் மறுப்புக் கூறுவர். பலர் அரிசிக்காகவும், சயாம் ரயிலுக்குப் பிடித்துக்கொண்டு போவதிலிருந்து தப்பவுமே படையில் சேர்ந்தனர், அவர்களை வீரர் என்பது தகுமா என்பர். தகும். பசித்தவன் மானத்தையும் விரும்பலாம். உயிர் பிழைக்கச் சேர்ந்தவன், சேர்ந்த இடத்தில் நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொள்ளலாம். இரண்டையும் ஒருங்கே காட்ட மாட்டாதவன் நாவல் எழுதுவதைவிட வாழ்த்துப் பா எழுதலாம். ஜப்பானியரின் தயவில் நின்ற படையைப் புகழ்வதா என்று கேட்பாரும் உண்டு. புகழச் சொல்லவில்லை, எழுதச் சொல்கிறேன். தலைவரின் படத்துக்குப் பொட்டிட்டுப் பூச்சூட்டி, தொண்டனை மறப்பதும் ஒருவகை மூட வழிபாடே.

மலாக்காவில் வாழும் நமக்கு இது பிறர் கதையன்று. ஜாசின், மெர்லிமாவ், ஆசகான், அலோர் காஜா வட்டாரங்களில் ரப்பர் மரங்கள் வீழ்ந்து பெரும்பாலும் செம்பனை எழுந்துவிட்டது. லயங்கள் பல இடிபட்டன. மக்கள் தாமான்களுக்குக் குடியேறிவிட்டனர். 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது, மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறியோர் ஆயிரமாயிரம் பேர். இந்தியாவின் விடுதலைக்குப் பெயர் கொடுத்த தொண்டன் ஒருவனும் அக்கூட்டத்தில் இல்லை என்று யார் சொல்லக்கூடும்? 1943இல் பதினெட்டு வயதில் பெயர் கொடுத்தவன் இன்றிருந்தால் நூறு வயதைக் கடந்தவன். அவனிடம் கேட்டறியும் காலம் ஏறக்குறையக் கடந்துவிட்டது. அவன் பிள்ளைகளிடமும் பேரர்களிடமும் கேட்கும் காலம் இன்னும் சிறிது இருக்கிறது.

தோட்டத்துக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். செக்ரோல் என்னும் ஏட்டில் ஆளின் பெயர் உண்டு, நாள் உண்டு, சம்பளம் உண்டு. விடியற்காலைப் பிரட்டில் கங்காணி 'டேய்' என்று கூப்பிட்டபோது, முன்னாள் சிப்பாய் திரும்பிப் பார்த்தானா, பாராமல் நின்றானா என்று எழுத அதில் இடமில்லை. அதற்கு இடமுள்ள ஏடு நாவல் ஒன்றே. சிங்காரம் கடைத்தெருவுக்கு அந்த ஏட்டைத் திறந்து வைத்தார். தோட்டத்தின் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. எழுத்தறிந்த தோட்டத்துப் பிள்ளைகளே, இம்பாலுக்குப் போகும் வழி எல்லாருக்கும் தெரியும். அங்கிருந்து ஜாசினுக்குத் திரும்பிவரும் வழியை நீங்கள் எழுதுங்கள்.