ஓர் இளமை, ஈர் உரைநடை: எழுத்துப் பயிற்சி வகுப்பில் தாகூரின் நினைவு நூல்கள்

1. முன்னுரை

கொல்கத்தாவில் வங்க உரைநடை ஒரு கல்லூரி வகுப்பின் தேவையிலிருந்து வளர்ந்தது. 1800இல் நிறுவப்பட்ட வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆங்கிலேய அலுவலர்கள் வங்கமொழி பயில ஏற்ற உரைநடை நூல்கள் இல்லை. அக்குறையை நீக்க, வில்லியம் கேரியின் மேற்பார்வையில் பண்டிதர்கள் நூல்கள் எழுதினர். அவற்றுள் ராம்ராம் பாசு இயற்றி 1801இல் அச்சேறிய பிரதாபாதித்தன் சரித்திரம் ஓர் அரசனின் வாழ்க்கை வரலாறு. பாடம் சொல்ல வேண்டியவர்கள் தாங்களே பாடநூலையும் ஆக்க, முதலில் கைக்கொண்ட பொருள் ஒரு வாழ்க்கையாக இருந்தது என்பது கருதத்தக்கது.

இன்றைய கல்லூரிகளிலோ எழுத்துப் பயிற்சிக்கு ஆயத்தம் செய்வோர் கட்டுரை இலக்கணத்திலிருந்தே தொடங்குகின்றனர். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் சட்டகம் முதலில் தரப்படுகிறது. மாணவர் அதனுள் மனப்பாடத் தொடர்களை நிரப்புகின்றனர். நினைவுக் குறிப்பு இவ்வகுப்பில் பொழுதுபோக்குப் பாடமாகவோ நீதி புகட்டும் பாடமாகவோதான் இடம்பெறுகிறது. இம்மதிப்பீடு சரியன்று என்பதை ரவீந்திரநாத் தாகூரின் இரு நூல்களை ஒப்பிட்டு நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. இரு நூல்கள்

1861இல் ஜோராசாங்கோ இல்லத்தில் பிறந்த தாகூர், தம் இளமையை இருமுறை எழுதினார். 'ஜீவன்ஸ்மிருதி' 1912இல் நூலாயிற்று. 'செலேபெலா' 1940இல், அவர் மறைவுக்கு ஓராண்டு முன்னர் வெளிவந்தது. முன்னது கற்றோர்க்கு உரியது. பின்னது சிறுவர்க்கென ஏதேனும் எழுதுமாறு சாந்திநிகேதனில் எழுந்த வேண்டுகோளுக்கு இணங்கி எழுதப்பட்டது. அதே வீடு, அதே பணியாளர், அதே பள்ளி வெறுப்பு ஆகியன இரண்டிலும் வருகின்றன. பொருள் ஒன்றாக இருக்க மொழி வேறுபடுவதால், நடையை மட்டும் பிரித்துக் காட்ட விழையும் ஆசிரியர்க்கு இதனினும் வாய்ப்பான சான்று கிடைத்தல் அரிது.

3. வழக்கு வேறுபாடு

ஜீவன்ஸ்மிருதி 'சாது' வழக்கிலும் செலேபெலா 'சலித்' வழக்கிலும் அமைந்தவை. 'செய்திருந்தேன்' என்னும் பொருளில் சாது வழக்கு 'கொரியாச்சிலாம்' என்னும் நீண்ட வினைவடிவை ஆளும். செலேபெலாவின் சலித் வழக்கில் அது 'கொரேச்சிலும்' எனக் குறுகும். ஈற்றில் உள்ள 'லும்' கொல்கத்தாப் பேச்சின் அடையாளம். 'தாஹார்' என்னும் பெயர்வடிவும் 'தார்' எனச் சுருங்கும்.

தாகூர் 1912இல் சாது வழக்கை மேற்கொண்டது வேறு வழி அறியாமையால் அன்று. 1881இல் வெளியான தம் ஐரோப்பியக் கடிதங்களிலேயே அவர் பேச்சு வழக்கைக் கையாண்டுள்ளார். எனவே இது தேர்வு. தேர்வுக்குப் பயனும் உண்டு. பணியாளர்களின் பிடியில் கழிந்த குழந்தைப் பருவத்தை விவரிக்கும் ஜீவன்ஸ்மிருதிப் பகுதி, இந்திய வரலாற்றின் அடிமை அரசர் ஆட்சியோடு அதனை ஒப்பிட்டுத் தொடங்குகிறது. அவ்வொப்புமையின் நகைச்சுவை சாது வழக்கின் கம்பீரத்தையே சார்ந்துள்ளது. செலேபெலாவில் இக்கம்பீரம் இல்லை; டிராமும் மின்விளக்கும் வாராத பழைய நகரம், ஆமணக்கெண்ணெய் விளக்கு, குதிரைவண்டி, பாட்டி காலத்துப் பல்லக்கு ஆகியவை சிறு தொடர்களில் அடுத்தடுத்து வருகின்றன. முதல் நூலில் முதியவர் சிறுவனை நோக்குகிறார்; இரண்டாவதில் சிறுவனின் கண்வழி நகரம் தெரிகிறது.

ஜீவன்ஸ்மிருதியிலேயே மொழியியலார் போற்றத்தக்க ஒரு செய்தி உண்டு. முன்னர்க் கிராம ஆசிரியராக இருந்த ஒரு பணியாளர், பேச்சிலும் ஏட்டுச் சொற்களையே வழங்க, வீட்டார் அதனைக் கூறி நகைப்பர். பிற்காலத்தில் அத்தகைய சொல்லாட்சி வியப்பளிக்கவில்லை என்றும், நூல்மொழியும் பேச்சுமொழியும் நெருங்கி வருகின்றன என்றும் தாகூர் கருதுகிறார். இரட்டை வழக்கைப் பற்றி ஃபெர்குசன் 1959இல் எழுதுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னரே ஒரு நினைவு நூல் இக்கூர்நோக்கைத் தந்துள்ளது.

4. மொழிபெயர்ப்பில் நேரும் இழப்பு

ஜீவன்ஸ்மிருதியைச் சுரேந்திரநாத் தாகூர் ஆங்கிலமாக்கினார். அது 1917இல் வெளிவந்தது. செலேபெலாவை மார்ஜரி சைக்ஸ் 1940இல் ஆங்கிலமாக்கினார். ஆங்கிலத்தில் வினையீறு வழக்கு வேற்றுமையைச் சுட்டுவதில்லை. ஆதலின் இரு மொழிபெயர்ப்புகளையும் மட்டும் படிக்கும் மாணவர், பெரிய நூலும் அதன் சிறுவர் பதிப்பும் என்றே அவற்றைக் கருத நேரும்.

தமிழுக்கு இச்சிக்கல் வேறுவகையானது. சாதுவுக்கு எழுத்துத் தமிழ், சலித்துக்குப் பேச்சுத் தமிழ் என இணை காட்டுவது எளிது, ஆயினும் பிழை. 1914இல் தொடங்கிய 'சபுஜ்பத்ர' இதழின் வழி பிரமத சௌதுரி முன்னின்று நடத்திய இயக்கத்திற்குப் பின்னர், சலித் ஏற்புடைய எழுத்து வழக்காயிற்று. தமிழில் கூற்று நடை பெரும்பாலும் எழுத்துத் தமிழாகவே நிற்க, பேச்சுத் தமிழ் பாத்திர உரையாடலில்தான் மிகுதியும் வழங்குகிறது. செலேபெலாவை முழுதும் பேச்சுத் தமிழில் பெயர்த்தால் மூலத்தில் இல்லாத வட்டாரச் சாயல் ஏறிவிடும். வினையீற்றை விடுத்து, தொடரின் நீளத்திலும் வடசொல், வழக்குச்சொல் விகிதத்திலும் வேறுபாட்டை அமைப்பதே பொருந்தும்.

5. ஒரு தடை

நினைவெழுத்து மாணவரைத் தற்புகழ்ச்சிக்கு இட்டுச்செல்லும் என்பர். செல்வக் குடும்பத்துச் சிறுவனின் இளமை எல்லார்க்கும் மாதிரியாகுமா என்றும் வினவுவர். இரண்டாம் வினா நியாயமானது. அதற்கு விடையாக வகுப்பில் நடிகை பினோதினி தாசியின் 'ஆமார் கதா'வையும் உடன் வைக்கலாம். ஜீவன்ஸ்மிருதிக்குச் சமகாலத்ததான அந்நூல் 'மகாசய' என ஒருவரை விளித்துக் கடித வடிவில் செல்கிறது. சமூகம் இழிவாகக் கண்ட ஒரு பெண் யாரிடம் பேசுகிறாள், எத்துணை மரியாதையுடன் பேசுகிறாள் என்பது அதன் ஒவ்வொரு விளியிலும் தெரிகிறது. முதல் தடைக்கும் விடை இதுவே: கேட்பவர் யார் என்பது உறுதியானால், எழுதுபவர் தம்மை அளந்தே பேசுவார்.

6. முடிவுரை

ஆகவே எழுத்துப் பயிற்சி வகுப்பிற்கு ஆயத்தம் செய்யும் ஆசிரியர், நினைவு நூலைப் பொருளுக்காக மட்டும் தேர்தல் போதாது. ஒரே நிகழ்ச்சியை முதலில் ஆசிரியர்க்கும், பின்னர்த் தம்பி தங்கையர்க்கும் எழுதுமாறு மாணவரைப் பணிக்கலாம். எவை நீங்கின, எவை புதிதாய் வந்தன, எந்தச் சொல் மாறியது என அவர்களே எண்ணிக் காணட்டும். நிகழ்ச்சி அவர்களுடையதாதலின் மனப்பாடத் தொடர் அங்குப் பயன்படாது. தாகூர் இருபத்தெட்டு ஆண்டு இடைவெளியில் செய்ததை மாணவர் இரு வகுப்புகளில் சிறிய அளவில் செய்து பார்ப்பர். நடை என்பது எழுதிய பின்னர்ப் பூசும் அணியன்று, கேட்பவரை முன்னிறுத்திச் செய்யும் தேர்வு என்பதை இலக்கண விதியைக் காட்டிலும் இப்பயிற்சி தெளிவாக உணர்த்தும்.