12 நாளா, 4 நாளா? போன பதிவுக்கு ஒரு திருத்தம்

"நியூட்ரான் விண்மீனின் சீற்றத்தை 12 நாள் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று போன பதிவில் எழுதியிருந்தேன். அடெல் குட்வின் குழுவின் 2020 ஆய்வுக் கட்டுரையை மறுபடி நிதானமாகப் படித்தேன். அந்த வரியை அப்படியே விட மனசு வரவில்லை.

சாக்ஸ் ஜே1808.4-3658 ஓர் இரட்டை அமைப்பு. விநாடிக்கு 401 முறை சுழலும் நியூட்ரான் விண்மீன் ஒன்று, சுமார் 2 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கும் சின்னத் துணை ஒன்று. துணையிடமிருந்து வரும் வாயு ஒரு வட்டாகத் தேங்கும். சில வருஷங்களுக்கு ஒருமுறை வட்டு சூடேறி, வாயு மொத்தமாக உள்ளே பாயும். அப்போதுதான் எக்ஸ்-கதிர்ச் சீற்றம்.

2019-இல் இதைத் தரைத் தொலைநோக்கிகள் தொடர்ந்து கவனித்து வந்தன. ஜூலை 25 முதல் ஒளி கூடத் தொடங்கியது. ஸ்விஃப்ட், நைசர் கருவிகளில் எக்ஸ்-கதிர் முதலில் தெரிந்தது ஆகஸ்ட் 6-இல். 12 நாள் என்பது இந்த இடைவெளி. இதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: சீற்றம் ஏறும்போது ஒளிக்கும் எக்ஸ்-கதிருக்கும் 4 நாள் தாமதம், புற ஊதாவுக்கும் எக்ஸ்-கதிருக்கும் 2 நாள்.

எனக்கு நம்பிக்கை தருவது இந்த இரண்டாவது எண்தான். முதலில் ஒளி, பிறகு புற ஊதா, கடைசியில் எக்ஸ்-கதிர். வட்டின் குளிர்ந்த பகுதியிலிருந்து சூடான மையம் நோக்கி மாற்றம் நகர்ந்தால் இந்த வரிசைதான் வரவேண்டும். ஹைட்ரஜன் அயனியாவதுதான் தொடக்கம் என்ற அவர்கள் வாதத்துக்கும் இது பொருந்துகிறது.

12 நாள் கதை வேறு. வேலையில் நான் எழுதிய அலர்ட் ஒன்று, சர்வர் விழுவதற்கு முந்தைய நாளே மணியடித்தது. எல்லாரும் பாராட்டினார்கள். லாகை எடுத்துப் பார்த்தால், அதே மணி அந்த மாசம் ஒன்பது தடவை அடித்திருந்தது. எட்டு தடவை ஒன்றுமே நடக்கவில்லை!

இங்கேயும் அதே கேள்விதான். அமைதியான காலத்தில் இதே அளவு ஒளி கூடி, சும்மா அடங்கிப்போனது எத்தனை தடவை? அந்தக் கணக்கு இல்லாமல் 12 நாளை முன்னறிவிப்பு என்று சொல்ல முடியாது. துணையின் சூடான முகம் நம் பக்கம் திரும்பும்போதும் ஒளி கூடும். 2 மணி நேரச் சுழற்சியில் எந்தக் கட்டத்தில் படம் எடுத்தோம் என்பதும் எண்ணை மாற்றும். அதோடு, "முதல் எக்ஸ்-கதிர்" என்ற தேதி கருவியின் கூர்மையையும், அது எப்போது அந்தப் பக்கம் திரும்பியது என்பதையும் பொறுத்தது.

கட்டுரையின் தலைப்பு "கூடுதல் ஒளிச் செயல்பாடு" என்றுதான் சொல்கிறது. அதை "சீற்றம்" ஆக்கியது நான்.

இதனால் கண்காணிப்பின் மதிப்பு குறையாது. ஒன்றும் நடக்காத ராத்திரிகளிலும் படம் எடுத்துச் சேர்த்தால்தான் என் கேள்விக்குப் பதில் கிடைக்கும். போன பதிவில் அந்த வரியை அடித்துவிட்டேன், அழிக்கவில்லை.