இரசிகனின் சலிப்பும் விமர்சனத்தின் கடமையும்

தமிழ் சினிமா பற்றிய விமர்சனங்களில் இரசிகன் பெரும்பாலும் இரு கோலங்களிலேயே தோன்றுகின்றான். ஒன்று, நட்சத்திரத்தின் உருவப்படத்துக்குப் பாலூற்றும் பேதை. மற்றையது, அப்பேதைமையினின்றும் விழித்தெழுந்து நல்ல சினிமாவை நாடிச் செல்லும் அறிவாளி. இவ்விருவருக்குமிடையே மூன்றாமொருவன் உளன். முன்பு முதற் காட்சிக்கு ஓடியவன் அவன். இன்று, படம் வெளியாகி வாரங்கள் கழிந்த பின்னரும் அதைப் பார்க்கவேண்டுமென்ற நினைவின்றி இருக்கின்றான். வணிக சினிமாவை அவன் வெறுக்கவில்லை, கலைப்படங்களைத் தேடவுமில்லை. அவனுக்குச் சலித்துவிட்டது. விமர்சகர்கள் பொருட்படுத்தாத இச்சலிப்பு ஆராயத்தக்கது.

இதற்குப் பொதுவாக இரு காரணங்கள் கூறப்படுவதுண்டு. படங்கள் தரங்குன்றிவிட்டன என்பது முதலாவது. ஆயின், ‘முள்ளும் மலரும்’, ‘அவள் அப்படித்தான்’ ஆகியன வெளிவந்த 1978ஆம் ஆண்டிலும் வாய்பாட்டுப் படங்கள் மலிந்தேயிருந்தன. 2018இல் ‘பரியேறும் பெருமாள்’ வெளிவந்தது. எனவே அன்றைய சினிமா முழுதும் பொன் என்பதும் இன்றையது முழுதும் பதர் என்பதும் பொருந்தா. இரசிகனின் மனம் முதிர்ந்துவிட்டது என்பது இரண்டாவது காரணம். முதிர்ந்த மனம் மேலான ஒன்றை நாடவேண்டும். சலித்த இரசிகனோ கைத்தொலைபேசியில் அதே படங்களின் துண்டுக் காட்சிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கின்றான். ஆகவே மாற்றத்தைப் படத்திலோ மனத்திலோ மட்டும் தேடுதல் போதாது. படம் பார்த்தல் என்னும் செயலிலேயே அதனைத் தேடவேண்டும்.

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் ஏ9 வீதியில், அக்குறணைக்கு அப்பால் அமைந்தது அலவத்துகொட. இத்தகைய சிறுநகரொன்றின் இரசிகனுக்கு சினிமா என்பது முதலில் ஒரு பயணமாகவே இருந்தது. சில்லறை சேர்த்து, துணை சேர்த்து, பஸ்ஸேறிக் கண்டிக்குச் செல்லவேண்டும், வரிசையில் நிற்கவேண்டும், சீட்டுக் கிடைக்காவிடின் வெறுங்கையுடன் மீளவும் வேண்டும். ஊர் திரும்பியபின், வராதவர்களுக்குக் கதையைக் கூறுவதும் சண்டைக் காட்சியை நடித்துக்காட்டுவதும் அவன் பொறுப்பாயின. பாடல்களை இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை நாள்தோறும் நினைவூட்டியது. படம் இரண்டரை மணி நேரமாயினும் அதன் அநுபவம் வாரக்கணக்கில் நீண்டது. அந்நீட்சியை ஆக்கியவர் தயாரிப்பாளரல்லர், இரசிகரே ஆவர்.

பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில், தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பு ஊடகமாக நோக்கினார். தமிழர் யாவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கண்ட முதல் நிகழ்த்துகைக் களம் திரையரங்கே என்பதும், அங்கு ஆசனத்தைத் தீர்மானித்தது சாதியன்று, சீட்டின் விலையே என்பதும் அவர் சுட்டிய முக்கிய உண்மைகள். அக்கூரை அனைவர்க்கும் ஒரேவகையாகத் திறந்திருந்ததெனக் கூறுதற்கில்லை. இரவுக் காட்சி எத்தனையோ பெண்களுக்கு எட்டாததாகவே இருந்தது. எனினும், திரையில் ஓடியது எத்துணை மலிவான கதையாயினும், அதன் எதிரே அமர்ந்திருந்த கூட்டம் புதியதொரு சமூக உண்மை என்பதை மறுத்தலியலாது.

மலையகத்தைப் பொறுத்தவரை இவ்வுண்மைக்கு மேலுமொரு கனமுண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட மக்களுக்கு, ஏழையின் பக்கம் நின்று நீதி வழங்கும் கதாநாயகன் வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருந்திருக்க முடியாது. 1917இல் கண்டிப் பிரதேசத்திலேயே பிறந்த எம்.ஜி.ஆர். அக்கதாநாயகனாகத் தோன்றியமை அவ்வுறவை மேலும் நெருக்கமாக்கியது எனலாம். தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் 1975இல் ‘புதிய காற்று’ என்னும் படத்தைத் தயாரித்தபோது, தெளிவத்தை ஜோசப்பின் கதை தோட்டத் தொழிலாளரின் வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தது. அப்படத்திலும் கணேசனே கதாநாயகனாக நடித்தார். தம் வாழ்வைத் திரையிற் காண விழைந்தபோதும் ஒரு நாயகனின் வழியாகவே அதனைக் காணநேர்ந்தமை, இரசிகப் பண்பின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகிறது.

1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் வந்தன. வீடியோ நாடாக்கள் தொடர்ந்தன. இன்று திரை உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. பயணமும் வரிசையும் இல்லாதொழிந்தமை பலர்க்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, விடுதலையே. ஆனால் கூரை கலைந்தபின்னும் நட்சத்திரம் எஞ்சியது. கூட்டம் தானாக ஆக்கிய உற்சாகத்தைத் தொழிலே திட்டமிட்டு ஆக்கத் தொடங்கியது.

லோகேஷ் கனகராஜின் மூன்று படங்கள் இதனைத் தெளிவாக்கும். ‘கைதி’ (2019) ஓரிரவுக் கதை. சிறையினின்றும் வெளிவந்த ஒருவன், தான் என்றுமே கண்டிராத மகளைக் காணச் செல்கின்றான். சண்டைகள் பலவாயினும் அவற்றின் அடியில் ஒரு மனித ஏக்கம் ஓடுகிறது. ‘விக்ரம்’ (2022) அக்கதையுடன் பிணைக்கப்பட்டு, இறுதியில் புதியதொரு வில்லனைக் காட்டி முடிகிறது. ‘லியோ’வின் (2023) முடிவில் ஒலிக்கும் குரலொன்று முந்தைய படத்தை நினைவூட்டி இனிவருவதற்குக் கட்டியங் கூறுகிறது. முதற்படத்தில் இரசிகன் ஒரு தந்தைக்காகப் பதைத்தான். பின்னையவற்றில் அடையாளங்கண்டு ஆரவாரிக்குமாறு வேண்டப்படுகின்றான். கதை அடுத்த பண்டத்தின் முற்பணமாகிறது. வசூற் கணக்கைப் பேசுதலே இரசிகனின் பணியாக எஞ்சுகிறது. முன்பு கதையை ஊருக்குக் கொண்டுசென்றவன் இன்று தொகையைக் கொண்டுசெல்கின்றான். அவன் களைப்படைவதில் வியப்பில்லை.

அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1940களில் முன்வைத்த ‘பண்பாட்டுக் கைத்தொழில்’ என்னும் கருத்து இந்நிலையைப் பெரிதும் விளக்கும். ஆயின், மக்கள் முற்றாக ஏமாற்றப்படுகின்றனர் என்று மட்டும் அதனைச் சுருக்கிக் கொள்வோர்க்குச் சலித்த இரசிகன் விளங்கமாட்டான். முழு ஏமாளிக்குச் சலிப்பு வருவதில்லை. தனக்கு வாக்களிக்கப்பட்டது கிடைக்கவில்லை என்று உணர்பவனுக்கே அது வரும். அவ்வகையில் சலிப்பு ஒரு விமர்சனமே. ஆனால் மொழி பெறாத விமர்சனம். மொழி பெறாதவரை அது எதனையும் மாற்றாது. தொழில் இன்னொரு நட்சத்திரத்தைக் காட்டி அதனைச் சில நாட்கள் ஆற்றிவிடும்.

அதற்கு மொழி தரவேண்டிய விமர்சனமோ இரசிகனை நெடுங்காலம் எள்ளியே வந்துள்ளது. பாடலின் தாளம், நடிகரின் நடை, காட்சி வெட்டப்படும் கணம் ஆகியன பற்றி அவனிடம் நுண்ணிய அறிவுண்டு. அவ்வறிவை அறியாமையென ஒதுக்கியமையால் இழப்பு விமர்சனத்துக்கே. பல்கலைக்கழகம் வருவோர் பலர் தம் இரசிகப் பருவத்தை வாசலிலேயே மறைத்துவிட்டு உள்ளே நுழைகின்றனர். அதனை மறைக்காது சோதனைக்குட்படுத்துவதே பயன்தரும்.

சலித்த இரசிகனிடம் ‘இனியாவது நல்ல படம் பார்’ என்று கூறுதல் எளிது. அன்று ஒரு கதையைச் சுமந்துகொண்டு கண்டியிலிருந்து இறுதி பஸ்ஸில் ஊர் திரும்பியபோது அவன் உண்மையில் எதனைச் சுமந்துவந்தான் என்று கேட்பது கடினம். அவன் சுமந்தது நட்சத்திரத்தை மட்டுமன்று. தன் ஊரார்க்குச் சொல்ல ஒன்று உண்டு என்னும் மகிழ்ச்சியையுமே. அம்மகிழ்ச்சிக்கு இனி எது இடமளிக்கும் என்பதே விமர்சனத்தின் முன்னுள்ள வினா.