மூழ்காத படகின் வயிறு

தெப்பத் திருவிழாவில் எல்லார் கண்ணும் மேலே இருக்கும். விளக்கு, பூ, நாகஸ்வரம், நடுவில் சுவாமி. என் கண் கீழே போகும். காஞ்சிபுரத்துக் கோயில் குளங்களில் தெப்பம் கட்டும்போதே போய் நின்றால் அந்த அழகு தெரியும். காலிப் பீப்பாய்களை வாய் இறுக மூடி, வரிசை பிடித்து அடுக்கி, மேலே மரச்சட்டம் வைத்து வரிந்து கட்டுவார்கள். ஒரு பீப்பாயில் ஓட்டை விழுந்தால் அந்த மூலை கொஞ்சம் தாழும், அவ்வளவுதான். உற்சவம் நிற்காது. அந்தப் பீப்பாயைக் கடுகிலும் சிறிதாக்கி, கோடிக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் கிடைப்பதுதான் ஃபோம். தெர்மாகோலும் அந்தச் சாதிதான்.

மாதிரிப் படகு செய்கிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஏனாத்தூரிலிருந்து உத்திரமேரூர் போகிற திசையெல்லாம் ஏரி. ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு வாரியமே வைத்திருந்த ஊர் உத்திரமேரூர். 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தக சோழன் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிறைந்தபின் மோட்டார் வைத்த மூன்றடிப் படகு ஒன்று அலையைக் கிழித்துப் போவது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் ஏரி, நீச்சல்குளம் மாதிரி இல்லை. அடியில் சேறு, ஓரத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு. மூழ்கினால் மூழ்கியதுதான். பல மாத உழைப்பு போன இடம் தெரியாது. ஆகவே இங்கே ஃபோம் இல்லாத படகை நான் படகென்றே ஒப்புக்கொள்வதில்லை.

ஃபோம் அடைத்தால் படகு லேசாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. அது இருந்த இடத்தில் முன்பு வெறும் காற்று இருந்தது. காற்றைவிட ஃபோம் கனம்தான். படகு நல்லபடி ஓடும்வரை மிதப்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, சுமைதான். தண்ணீர் உள்ளே வந்த நிமிடம்தான் அதன் வேலை தொடங்குகிறது: தண்ணீர் உட்கார வேண்டிய இடத்தில் அது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. கணக்கு எளிது. ஒரு லிட்டர் ஃபோம் முழுதாய் அமுங்கினால் ஒரு கிலோ தண்ணீரை விலக்கும். அதன் சொந்த எடை 30 கிராம் அளவு. மிச்சம் 970 கிராம் தூக்குதிறன். மோட்டார், பேட்டரி, அடியில் வைத்த ஈயம் எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோ என்றால், இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் ஃபோம் வேண்டும். கொஞ்சம் கூடவே வைப்பது புத்தி.

2017 ஏப்ரலில் வைகை அணையில் நீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும், காற்று அவற்றைக் கரையில் கொண்டுவந்து சேர்த்ததும் நமக்கெல்லாம் சிரிப்புக் கதையாக நிலைத்துவிட்டது. பாவம், அந்தப் பொருளின் மீது குற்றமில்லை. மேலே மிதந்தால் அது காற்றுக்குச் சொந்தம். ஒரு கூட்டுக்குள் அடைபட்டால்தான் அதற்கு மரியாதை.

அடைக்கும் இடத்தில்தான் கைத்திறன் தெரியும். கத்துக்குட்டி அடிப்பாகத்தில் கொட்டி நிரப்புவான். தண்ணீர் புகுந்ததும் அந்தப் படகு குப்புறக் கவிழும், ஏனென்றால் தூக்குகிற பொருள் கீழேயும் கனம் மேலேயும் போய்விட்டது. தேர்ந்தவர் அணியத்தின் (முன்பக்கத்தின்) முனையிலும் பின்பக்கத்திலும், இரு பக்கச் சுவர்களை ஒட்டி மேல்தளத்துக்கு அடியிலும் வைப்பார். அப்படிச் செய்த படகு தண்ணீர் நிரம்பினாலும் நிமிர்ந்தே நிற்கும்.

ஆனால் என்னை மயக்குவது ஃபோமின் இரண்டாவது வேலை: விறைப்பு. ஃபைபரில் ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் வார்த்த பக்கச்சுவரை விரலால் அழுத்துங்கள், எண்ணெய் டின் மாதிரி 'டொக்'கென்று உள்ளே போய் வெளியே வரும். மோட்டார் ஓடும்போது அது அதிரும். புரொப்பெல்லர் தண்டு நேர் பிசகும். மேலும் ஃபைபர் பூசினால் கனம் கூடும். அதற்குப் பதிலாக, அதே ஃபைபரை இரண்டு தோல்களாகப் பிரித்து நடுவே ஃபோம் வைத்து மொத்தத் தடிப்பை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு சுமார் 7 மடங்காகிறது. நான்கு மடங்காக்கினால் சுமார் 37 மடங்கு. எடை அதிகம் கூடாது. வளையும்போது ஒரு தோல் இழுபடுகிறது, மறு தோல் அமுங்குகிறது, நடுவிலுள்ள ஃபோம் இரண்டையும் விலகாமல் பிடித்துக்கொள்கிறது. பிடி விட்டால் எல்லாம் போச்சு. தெர்மாகோல் துண்டை வெறுமனே செருகினால் மிதப்பு கிடைக்கும், விறைப்பு கிடைக்காது. நான் படகைக் கையில் வாங்கியதும் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பேன். நன்றாக ஒட்டிய இடம் அடக்கமாகப் பேசும். விலகிய இடம் காலியாக ஒலித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஊற்றுகிற பாலியூரித்தேன் ஃபோமில் இந்த ஒட்டு தானே நடக்கிறது. இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் சற்று நேரத்தில் பொங்கி, இருபது முப்பது மடங்காகி, தொட்ட சுவரைப் பற்றிக்கொண்டு இறுகும். காஞ்சிபுரம் குடலை இட்லியில் மாவு ஊற்றுகிற கைப்பக்குவம் இதற்கும் வேண்டும்: எழும்ப இடம் விடாவிட்டால் விபரீதம். இட்லி வழியும், இங்கே படகின் விலாவே பிதுங்கிவிடும். அதனால் மேல்தளம் மூடுமுன், கொஞ்சம் கொஞ்சமாக, சூடு தணியவிட்டு ஊற்ற வேண்டும். அதுவும் திறந்த வெளியில். அந்த ஆவி நெஞ்சுக்கு ஆகாது. ஜன்னல் இடுக்கு அடைக்க ஹார்ட்வேர் கடையில் விற்கும் ஸ்ப்ரே டப்பா காற்றின் ஈரத்தால் இறுகுவது. ஆழமாக அடித்தால் நடுவில் பிசுபிசுப்பாகவே கிடக்கும்.

தெர்மாகோல் மலிவு, ஆனால் ரோஷக்காரப் பொருள். பெட்ரோல் பட்டால் கரையும், ஃபெவிகுவிக் அரிக்கும், பாலியெஸ்டர் ரெசின் கூழாக்கிவிடும். எபாக்ஸியோடு சமாதானமாக இருக்கும். சூடான நைக்ரோம் கம்பியால் அதை வெண்ணெய் போல அறுத்து, படகின் வளைவுக்கு இழைத்துப் பொருத்துகிறவர்களின் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன். மெத்தை ஸ்பாஞ்சு வைக்கிறவர்களும் உண்டு. அது தண்ணீரைக் குடித்துவிடும், படகைத் தூக்காது.

1961இல் 'லைஃப்' பத்திரிகையில் ஒரு படம் வந்தது. பாஸ்டன் வேலர் நிறுவனத்தின் டிக் ஃபிஷர் தண்ணீரில் ஃபோம் அடைத்த ஒரு படகில் உட்கார்ந்திருக்க, அதை ரம்பத்தால் இரண்டாக அறுத்துவிட்டார்கள். மிச்சப் பாதியில் அவர் மிதந்துகொண்டிருந்தார். அபாரமான விளம்பரம். கோவளம், சதுரங்கப்பட்டினம் கரைக்காரர்களுக்கு மட்டும் அதில் வியப்பு இருந்திருக்காது. கட்டுமரத்துக்கு உள்ளே வெளியே என்பதே கிடையாது, அலை அதன் மேலும் ஊடேயும் போய்வரும். மூழ்க என்ன இருக்கிறது? இன்று அதே வடிவத்தை ஃபைபரில் வார்த்து வயிற்றில் ஃபோம் அடைக்கிறார்கள். மரக்கட்டை செய்ததை இப்போது நுரை செய்கிறது.

ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பலகையும் வங்கும் (விலாச்சட்டமும்) வைத்து மரத்திலேயே கட்டிய படகில் ஃபோமை ஊற்றாதீர்கள். மரத்துக்கும் ஃபோமுக்கும் இடையே நுழைந்த ஈரம் வெளியேற வழியின்றி வங்குகளை உளுக்கவைக்கும், வெளியே பெயின்ட் பளபளத்துக்கொண்டிருக்கும். அங்கே வார்னிஷ் அடித்த மரம் மூச்சுவிட இடைவெளி விட்டு, கழற்றி எடுக்கிற மாதிரி வெட்டிய துண்டுகளை வையுங்கள். விறைப்பை வங்குகளே பார்த்துக்கொள்ளும்.