பரம்பரை மேல் போடும் பழி

யாழ்ப்பாணத்தில் கலியாணம் பேசும்போது சாதகத்தோடு இன்னொன்றையும் விசாரிப்பார்கள்: "அந்தப் பகுதியிலை ஆருக்கும் விசர் இருக்கோ?" குடும்பத்தில் எவரேனும் உயிரை மாய்த்திருந்தால் பேச்சு அத்தோடு முறிந்துவிடும். இருதுருவ மனநோயாளரின் தற்கொலையில் பரம்பரையலகுகளுக்கும் பங்குண்டு என்ற ஆய்வுச் செய்தி, இந்தப் பழைய விசாரிப்புக்கு விஞ்ஞானமே சாட்சி சொன்னதுபோல் ஆகிவிடக்கூடும். அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தாக வேண்டும்.

பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஒருவராவது தற்கொலை செய்துகொண்ட 176 இரட்டையர் சோடிகளை 1991இல் அலெக் ரோய் குழுவினர் ஆராய்ந்தார்கள். ஒரே கருவில் உருவான 62 சோடிகளில் 7இலும், இரு கருக்களில் உருவான 114இல் 2இலும் மற்றவரும் அவ்வாறே இறந்திருந்தார். வேறுபாடு பெரிது. ஆனால் அதே கணக்கின்படி, பரம்பரையலகுகள் ஒன்றாயிருந்தும் 55 சோடிகளில் மற்றவர் அப்படி இறக்கவில்லை.

அடுத்த கேள்வி நுட்பமானது. இருதுருவ நோயே பெரிதும் பரம்பரை சார்ந்தது. அப்படியானால் வழிவழியாக வருவது நோயா, உயிரை மாய்க்கும் நாட்டமா? தற்கொலைக்கு முயன்ற 29,782 பேரின் தரவைக் கொண்டு 2022இல் நீவ் மலின்ஸ் குழுவினர் இதைப் பிரித்துப் பார்த்தனர். மனநோயின் பங்கைக் கழித்த பின்னும் ஏழாவது நிறமூர்த்தத்தில் ஓரிடம் தனித்து நின்றது. ஆயினும் யார் தற்கொலைக்கு முயல்வார் என்பதில் ஆளுக்காள் உள்ள வேறுபாட்டில், பொதுவான பரம்பரையலகு வேறுபாடுகள் எல்லாம் சேர்ந்து விளக்கியது சுமார் 7 சதவீதமே. தரவு தந்தவர்களும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். இதை வைத்துச் சாவகச்சேரியில் ஒருவருக்குப் பலன் சொல்ல முடியாது.

எதிர்த்தட்டில் இருப்பதையும் நிறுப்போம். 1995இல் இலங்கையில் இலட்சத்துக்கு 47 அளவில் இருந்த தற்கொலை, கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டபின் பத்தாண்டில் பாதியானது. போர்க்காலத்தில் வடக்கில் தற்கொலை குறைந்ததை தயா சோமசுந்தரமும் ராஜதுரையும் பதிவுசெய்திருக்கிறார்கள். எவரது பரம்பரையலகும் இடையில் மாறவில்லை. இதனால் பரம்பரை பொய்யாகிவிடாது: ஊரின் வீதம் ஏறி இறங்குவது ஒன்று, ஊருக்குள் யார் கூடுதலாக நலிவார் என்பது வேறு. பரம்பரை பேசுவது இரண்டாவதைப் பற்றி. அது விதியல்ல என்பதை முதலாவது காட்டிவிட்டது.

என் தீர்ப்பு இது: குடும்ப வரலாற்றைக் கேட்பது சரி, கேட்கும் இடம்தான் பிழை. மருத்துவரிடம் சொன்னால் அது நெருங்கிக் கவனிக்கவும், தற்கொலை ஆபத்தைக் குறைக்கும் லிதியம் போன்ற மருந்தை யோசிக்கவும் உதவும். கலியாணத்துக்கு அஞ்சி மூடிவைத்த வீட்டில் அது மருத்துவருக்கும் எட்டாமலே போகிறது. 1926 என்ற தேசிய மனநல இலக்கத்தில் பேசுகிறவரிடம் எவரும் சாதகம் கேட்பதில்லை.