"என்னடா சொன்னான்?"

எங்கள் வீட்டில் ஒரு படம் முடிவதற்குள் அம்மா இருபது தடவையாவது கேட்டுவிடுவார்: "என்னடா சொன்னான்?" வில்லன் முணுமுணுக்கிறான் என்று ஒலியைக் கூட்டினால், அடுத்த நொடியே சண்டை வந்து ஜன்னல் கண்ணாடி அதிரும். உடனே குறைக்க வேண்டும். ரிமோட் கையை விட்டு இறங்காது. 55 அங்குல டிவியின் முதுகில், சுவரைப் பார்த்தபடி ஒட்டிக்கிடக்கும் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களிடம் இதற்குமேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. சவுண்ட்பார் ஒன்றோடு கதையை முடித்திருக்கலாம். ஆனால் பரணில் ஒரு ஜோடி பழைய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் இருந்தது. அதில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற ஆசையில், ஒலியைப் பிரித்துப் பல ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஏவி ரிசீவர் தேடிக் கிளம்பினேன்.

சென்னை ரிச்சி தெருவில் முதல் கடையிலேயே, "ஆயிரம் வாட்ஸ் சார், தெருவே திரும்பிப் பார்க்கும்" என்றார்கள். தொண்ணூறுகளில் டேப் ரிக்கார்டர் வாங்கியவர்களுக்கு இது பழகிய பாட்டு. அட்டைப்பெட்டியில் பி.எம்.பி.ஓ. என்று போட்டு ஆயிரக்கணக்கில் வாட் எழுதியிருப்பார்கள்; உள்ளே இருப்பது இருபது வாட்கூடத் தேறாது. இன்றைய ரிசீவர்களில் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் எண், ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, ஒரே ஒரு சுருதியில், சிதைவைக் கண்டுகொள்ளாமல் அளந்ததாக இருக்கலாம். தேட வேண்டிய வரி வேறு: 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்கள் ஓடும்போது எத்தனை வாட்?

நான் வாங்கிய டெனான் ஏவிஆர்-எக்ஸ்1700ஹெச்சில் அந்தக் கணக்குப்படி சேனலுக்கு 80 வாட். 2021-இல் வந்த மாடல். அடுத்தது வந்துவிட்டதால் கடைக்காரர் விலையைக் குறைத்துக் கொடுத்தார். 80 போதுமா என்று நானும் ஒரு வாரம் தூக்கம் கெட்டேன். பிறகு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் ஸ்பீக்கர் 1 வாட்டில், 1 மீட்டர் தூரத்தில் 87 டெசிபெல் ஒலிக்கும். வாட்டை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு தடவையும் 3 டெசிபெல்தான் கூடும். ஆக 64 வாட்டில் 105. மூன்று மீட்டர் தள்ளி சோபாவில் உட்கார்ந்தால் அதில் ஒன்பதோ பத்தோ போய்விடும், மிச்சம் 95. அடுக்குமாடி வீட்டில் 95 டெசிபெல்லில் படம் பார்த்தால் அசோசியேஷன் செயலாளர் நேரில் வருவார். 80-க்குப் பதில் 100 வாட் வாங்கினால் கூடுவது வெறும் 1 டெசிபெல். அதற்காகப் பல ஆயிரம் கூடக் கொடுப்பதைவிட அந்தக் காசை ஸ்பீக்கரில் போடலாம்.

அப்படியென்றால் எதைப் பார்த்து வாங்குவது? எச்டிஎம்ஐ துளைகளை எண்ணுங்கள். இதில் உள்ளே வருவதற்கு 6, டிவிக்குப் போக 1. ஆறில் மூன்றுதான் 4கே 120 ஹெர்ட்ஸ் தாங்கும். கேமிங் கன்சோல் இல்லாத வீட்டில் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். டிவியின் ஒலியை அதே எச்டிஎம்ஐ வயரில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் இ-ஏஆர்சி இருக்கிறதா என்று பாருங்கள். டிவியில் சாதாரண ஏஆர்சிதான் இருக்கிறதே என்று டிவியை மாற்றவும் ஓடாதீர்கள். ஓடிடியில் வரும் அட்மாஸ் (கூரையிலிருந்தும் இறங்கும் ஒலி) அநேகமாக டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸில் பொதிந்தே வருகிறது. அது பழைய ஏஆர்சி வழியாகவும் போகும். புளூ-ரே வைத்திருப்பவர்கள் பிளேயரை நேராக ரிசீவரில் செருகிவிட்டால் தீர்ந்தது.

2012-இல் 'சிவாஜி 3டி' அட்மாஸில் வந்த நாளிலிருந்தே கூரையிலிருந்து ஒலி இறங்க வேண்டும் என்ற ஆசை நம்மூரில் பரவிவிட்டது. இந்த ரிசீவரில் ஏழு சேனல் ஆம்ப் உண்டு, 7.1 ஆகவோ, கூரைக்கு இரண்டு ஒதுக்கி 5.1.2 ஆகவோ பிரித்துக்கொள்ளலாம். என் ஹால் பதினான்குக்குப் பதினொன்று அடி. அட்மாஸ் ஸ்பீக்கரைக் கூரையில் எங்கே மாட்ட வேண்டும் என்று படம் போட்டுப் பார்த்தால், அந்த இடத்துக்குப் பக்கத்தில் சீலிங் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேல்நோக்கி ஒலித்துக் கூரையில் எதிரொலிக்கும் வகை ஸ்பீக்கருக்கும் ஃபேன் இறக்கை குறுக்கே வரும். சென்னை மே மாதத்தில் ஃபேனா, அட்மாஸா? பழைய ஜோடியோடு ஒரு சென்டர், இரண்டு சரவுண்ட், ஒரு சப்வூஃபர் சேர்த்து 5.1 போதும் என்று முடிவு செய்தேன். இரண்டு சேனல் சும்மா கிடக்கிறது. வருத்தமில்லை.

வயர் வாங்கும்போது ஏமாறாதீர்கள். தாமிரம் என்று சொல்லி, மேலே தாமிரம் பூசிய அலுமினியத்தை விற்கிறார்கள். நுனியை பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். எங்கள் வீட்டளவுக்கு 16 கேஜ் தாமிரம் தாராளம். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப்போனால் சத்தம் வரும், ஆனால் பேஸ் மெலிந்து, குரல் நடுவில் நிற்காமல் அந்தரத்தில் அலையும்.

ரிசீவரை ஷோகேஸின் கண்ணாடிக் கதவுக்குள் பூட்டாதீர்கள். மேலே ஒரு சாண் இடமாவது வேண்டும். சூடு ஒரு காரணம். இன்னொரு காரணத்தை எந்தக் கையேட்டிலும் பார்க்க முடியாது: பல்லி. கதகதப்பான இருட்டுப் பெட்டி, மூடியெல்லாம் துவாரம். பல்லிக்கு வேறென்ன வேண்டும்? உள்ளே நுழைந்து பலகையில் ஷார்ட் ஆகி, பல்லியும் போய் பெட்டியும் போன கதையை எந்த சர்வீஸ்காரரைக் கேட்டாலும் சொல்வார். நான் ரிசீவரைச் சுவரிலிருந்து தள்ளி, திறந்த மேசையில் வைத்திருக்கிறேன். படம் பார்க்காதபோது சுவிட்சையே அணைத்துவிடுவேன். சூடு இல்லாத பெட்டியில் பல்லிக்கும் பெரிய ஆர்வம் இருப்பதில்லை.

இனி அசல் வேலை. ரிசீவரோடு ஒரு மைக்கும் அதை நிறுத்த அட்டையில் மடிக்கும் ஸ்டாண்டும் வருகின்றன. ஆடிசி என்ற அளவீட்டு முறை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் 'விர்ர்ப்' என்று ஒலியெழுப்பி, எட்டு இடங்கள் வரை அளந்து அறைக்கேற்பத் திருத்துகிறது. மைக் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்க வேண்டும். தூரக் கணக்கு முதல் இடத்தை வைத்துத்தான் என்பதால் அது நீங்கள் வழக்கமாக உட்காரும் இடமாக இருக்கட்டும். அமைதி வேண்டுமே என்று ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தேன். ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்தினேன். காக்கை வந்தது. பிறகு பால்காரர் மணி. நான்காவது இடத்தை அளக்கும்போது கீழ் வீட்டில் மிக்ஸி ஓடத் தொடங்கிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. முடிந்த சந்தோஷத்தில் ஃபிரிட்ஜைப் போட மறந்து, இட்லி மாவு பொங்கி வழிந்தது தனிக்கதை.

அளந்து முடித்ததும் ஆடிசி சொன்னதை அப்படியே விடக்கூடாது. முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று எடுத்துக்கொண்டிருந்தது. ஐந்து அங்குல வூஃபருக்கு அது அளவுக்கு மீறிய மரியாதை. 'ஸ்மால்' ஆக்கி, கிராஸோவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். அதற்குக் கீழே உள்ள கனத்த ஒலியெல்லாம் சப்வூஃபருக்குப் போய்விடும். சின்ன ஸ்பீக்கர் திணறாது. நேர்மாறாக, தொடக்கூடாத எண் ஒன்று உண்டு. டேப் பிடித்து அளந்தால் 9 அடியில் இருக்கும் சப்வூஃபரை 14 அடி என்று காட்டியது. தவறில்லை. சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்று எடுத்துக்கொள்ளும் தாமதத்தையும் தூரமாகச் சேர்த்துச் சொல்கிறது. திருத்தினால் கெட்டுவிடும்.

இத்தனைக்குப் பிறகும் அம்மா கேட்டார்: "என்னடா சொன்னான்?"

டிவி மெனுவைத் திறந்தேன். டிஜிட்டல் ஆடியோ 'பிசிஎம்' என்றிருந்தது. ஐந்து ஸ்பீக்கர் மாட்டி இரண்டு வாரமாக ஸ்டீரியோதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்! 'பாஸ் த்ரூ' ஆக்கியதும் ரிசீவரின் திரையில் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்று எழுந்தது. படம் போட்டதும் எல்லோரும் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் திரையைத்தான். அடுத்து சென்டர் ஸ்பீக்கர். டிவி மேசைக்குள் ஆழமாக உட்கார்ந்து எங்கள் முழங்காலிடம் வசனம் பேசிக்கொண்டிருந்தது. மேசை விளிம்புவரை முன்னால் இழுத்து, பள்ளிக்கூட ரப்பர் இரண்டை முன்பக்கம் அடியில் செருகி முகத்தைத் தூக்கிவிட்டேன். சென்டர் அளவை 2 டெசிபெல் கூட்டினேன். டைல்ஸ் தரையில் கை தட்டினால் கணீர் என்று திரும்பி வந்தது. எந்த மென்பொருளும் அந்த எதிரொலியைத் துடைக்காது. ஜமுக்காளம் விரித்து, கனமான திரைச்சீலை தொங்கவிட்டதும் அடங்கியது. பல ஆயிரம் ரூபாய்ப் பெட்டியால் ஆகாததை ரப்பரும் ஜமுக்காளமும் செய்தன என்று சொன்னால் பெட்டிக்குக் கோபம் வரலாம். ஆனால் நடந்தது அதுதான்.

குறைகள்? மெனு ஆழமானது; முதல் மாதம் கையேடு பக்கத்திலேயே இருக்கட்டும். எச்டிஎம்ஐ வெளியீடு ஒன்றே என்பதால் டிவியோடு புரொஜெக்டரும் வைத்திருப்பவர்கள் மேல்மாடலுக்குப் போக வேண்டும். ஹாலில் பத்துப் பதினைந்து அடி தூரத்தில் நாலு பேர் உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு இது நிறைவான பெட்டி. ஆடிசி, இ-ஏஆர்சி இரண்டும் உள்ள வேறு மாடல் குறைந்த விலைக்குக் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு மட்டும் கேட்பவர்களுக்கு நல்ல ஸ்டீரியோ ஆம்ப் போதும், இதெல்லாம் வீண் செலவு.

அம்மா இப்போது சீரியலையும் இதிலேதான் பார்க்கிறார். செட்டாப் பாக்ஸிலிருந்து வருவது ஸ்டீரியோதான்; 'டால்பி சரவுண்ட்' முறையைத் தேர்ந்தெடுத்தால் குரலைப் பிரித்து சென்டருக்கு அனுப்பிவிடுகிறது. என்ன சொன்னான் என்ற கேள்வி நின்றுவிட்டது. ஆனால் மாமியார் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் மூன்று முறை 'டம்' என்று இடிக்கிறதே, அது மொத்தமும் சப்வூஃபருக்குப் போகிறது. நேற்று எட்டரை மணிக்குக் கீழ் வீட்டுக்காரர் வந்து, "மேலே ஏதாவது வேலை நடக்கிறதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சப்வூஃபருக்கு அடியில் வைக்கக் கனமான ரப்பர் பேட் சொல்லியிருக்கிறேன்.